பேன்ட்ரியில் இருந்த தலைச்சாவி

சிங்கப்பூரிலிருந்து வந்த மனிதர் கண்டி வெயிலுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கெட்டம்பேயில் இருக்கும் லக்கிரிவன் குழுமத்தின் தலைமைக் காரியாலயத்தில், வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, கையிலிருந்த கண்ணாடிக் கேடயத்தில் பொறித்திருந்த பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சொன்னார். மிஸ் மூக்காயி வீரையாவைச் சந்திக்க வேண்டும்.

வரவேற்பில் இருந்த பிள்ளைக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "பேன்ட்ரியிலயா?" என்று கேட்டாள். அது ஏதோ பெரிய பிரிவின் பெயராக்கும் என்று அவர் பணிவாகத் தலையாட்டினார்.

மூக்காயி அப்போது, தேநீர் போடும் சிற்றறையான பேன்ட்ரியில், பால்மா டின்னை முழங்கையால் அணைத்துப் பிடித்து, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "பையன் குடிக்க மாட்டாருங்க. கல்யாண வீட்டுல மட்டுந்தான். அதுவும் மத்தவங்க வற்புறுத்துனாத்தான்" என்று யாருக்கோ உறுதி கொடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் கோட்டுக்காரரைக் கண்டதும் "பொறவு எடுக்கிறேங்க" என்று வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார்.

வந்தவர் குனிந்து, கேடயத்தை இரண்டு கையாலும் நீட்டினார். தங்கள் கிளவுட் சேவையை நீண்டகாலமாகப் பயன்படுத்தும் பெருமதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு நன்றி என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூக்காயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு அவருடைய விரலைப் பார்த்தார். மோதிரம் இல்லை.

"ஐயாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற குரல் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும். வெட்கத்தோடு சிரித்து, இல்லையென்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்து எம்.டி. அந்த வழியாக வந்தார்.

மூக்காயி பன்வில பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். இளம் வயதிலேயே டவுனுக்கு வேலைக்கு வரத் தொடங்கிவிட்டார். அப்போது லக்கிரிவன் என்றால் ஒரு தேயிலைக் கடையும் ஒரு லொறியும். இப்போது தேயிலை, பிஸ்கட், மூன்று ஹோட்டல், ஊருக்கு ஊர் சுப்பர் மார்க்கட். கம்பனி இவ்வளவு வளர்ந்ததில் மூக்காயிக்கு வந்த மாற்றம், தேநீர்க் கேத்தல் கொஞ்சம் பெரிதானது.

ஆனால் பேன்ட்ரி அவருடைய உத்தியோகம் மட்டும்தான். தொழில் வேறு. மலையகத்துக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். எந்தத் தோட்டத்து லயத்துப் பிள்ளை படித்து ஆசிரியையாகியிருக்கிறது, கொழும்பில் கடையில் நிற்கிற எந்தப் பையன் மாதத்துக்கு ஒரு கடை மாறாமல் நிற்கிறான், எந்த வீட்டு மாமியார் வெளியே சிரித்து உள்ளே கடிப்பவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பன்வில, வத்தேகம, தெல்தெனியப் பக்கத்துக் கோயில்களின் திருவிழா நோட்டீஸ்களில், உபயகாரர் பெயர்களுக்குக் கீழே, வரன் தேடுவோர் அழைக்க என்று அவருடைய போன் நம்பர் வருஷா வருஷம் அச்சாகும். அந்த நோட்டீஸ்கள் வீடுகளில் சுவரிலும் கதவின் பின்பக்கத்திலும் ஒட்டப்பட்டு, வண்ணம் மங்கிய பிறகும் நம்பர் மட்டும் தெளிவாகத் தெரியும். அடுத்த வருஷம் காரியாலயத்தில் ஓய்வு. அதற்குப் பிறகு முழுநேரமும் கல்யாணம்தான் என்று இருந்தார். அதற்கு அவர் கையிலிருந்த மூலதனம் அந்த நம்பர் ஒன்றுதான்.

அதே நம்பர் லக்கிரிவன் குழுமத்துக்கும் மூலதனமாகிப் போன கதை கொரோனாவுக்கு முந்தியது.

அந்தக் காலத்தில் கம்பனி தன் கணக்குவழக்கு முழுவதையும் கிளவுட்டுக்கு ஏற்ற முடிவெடுத்தது. மேல்மாடியில் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர்கள் திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார்கள். எல்லாக் கதவுக்கும் தலைச்சாவியான கணக்கு அது. அதற்கு ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும் வேண்டும். யாராவது அந்தக் கணக்கைத் திறக்கப் பார்க்கும்போதெல்லாம் அந்த நம்பருக்கு ஆறு இலக்கம் வரும். அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும்.

எம்.டி., தான் அடிக்கடி வெளிநாடு போகிறவர் என்றார். பொது முகாமையாளர், தன்னிடம் இரண்டு போன் இருப்பதால் குழப்பம் வரும் என்றார். நிதிப் பிரிவுத் தலைவி சஞ்சீவனி, காசு கட்டுகிறவளே சாவியையும் வைத்திருந்தால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார் என்றார். கம்பியூட்டர் பிரிவு முகாமையாளர் யோகேந்திரன், யாழ்ப்பாணத்து மனிதர், "எனக்கெண்டால் பிரச்சினை இல்லை, ஆனால்" என்று தொடங்கினார். அந்த ஆனாலுக்குப் பிறகு என்ன வந்தது என்று இன்றுவரை யாருக்கும் நினைவில்லை. ஆலோசகர்கள், அது தங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். எல்லோர் மனதிலும் இருந்தது ஒன்றே. நாளைக்கு ஏதாவது நடந்தால் கேள்வி அந்த நம்பருக்குத்தான் வரும். நமது காரியாலயங்களில் பொறுப்பு என்பது மழைத்தண்ணீர். விழுவது மேலே, தங்குவது கீழே.

கீழே இருந்தவர் அந்த நேரம் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார்.

"மூக்காயி அக்கா, உங்கட போன் நம்பர் என்ன?" என்று யோகேந்திரன் கேட்டார்.

அந்தக் கேள்வியை யார் எங்கே கேட்டாலும் மூக்காயி ஒரே மூச்சில் பதில் சொல்வார். தரகருக்கு அது இமை மூடுவது மாதிரி. சொன்னார். நம்பர் யாருடையதோ அவர் பெயரையே போடுவதுதான் ஒழுங்கு என்று ஓர் ஆலோசகர் சொல்ல, பெயரையும் போட்டார்கள். பிறகு எல்லோரும் நிம்மதியாகத் தேநீர் குடித்தார்கள்.

லக்கிரிவனிடம் இப்போது சொந்தமென்று இருப்பது மேசைகளில் உள்ள கம்பியூட்டர்கள்தான். ஹோட்டல் அறைப் பதிவு, பிஸ்கட் லொறிகளின் பயணம், சம்பளம், சுப்பர் மார்க்கட்டில் வெங்காயத்தின் விலை, எல்லாம் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த இயந்திரங்களில் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கொழும்பில் ஓர் ஆலோசனைக் கம்பனி. அந்தக் கம்பனி சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறதா என்று ஆலோசனை சொல்ல இன்னோர் ஆலோசனைக் கம்பனி. யோகேந்திரன் இதை ஒருநாள் விளக்கியபோது மூக்காயி யோசித்துவிட்டுக் கேட்டார்.

"வாடகை வீட்டுல இருந்துகிட்டு, சமைக்க ஒருத்தர வச்சு, அவரு சமைச்சது நல்லாயிருக்கான்னு சொல்ல இன்னொருத்தருக்குச் சம்பளம் குடுக்கிற மாதிரிங்களா?"

"ஓம்," என்றார் யோகேந்திரன்.

"அப்ப சாப்புடுறது யாருங்க?"

யோகேந்திரன் பால் விடாத தன் பிளேன்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொழும்பு ஆலோசனைக் கம்பனியில் பையன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போகிற பையன் வருகிற பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், மாலையில் மூக்காயி பஸ் ஏறுவதற்கு முன் ஆறு இலக்கத்தைக் கேட்டுவிட வேண்டும், பன்வில போகிற வழியில் வளைவுகளில் சிக்னல் இருக்காது என்பது. விடுமுறை நாளிலும் கேட்பார்கள். ஒருமுறை வத்தேகமவில் ஒரு மாப்பிள்ளை வீட்டில், பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்த நேரம் அழைப்பு வந்தது. மூக்காயி ஒதுங்கி நின்று ஆறு இலக்கத்தையும் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் அவற்றை மனதில் வாங்கிக்கொண்டு போய் லொத்தர்ச் சீட்டு எடுத்திருக்கிறார். விழவில்லை. அந்தச் சம்பந்தமும் விழவில்லை.

வீட்டில் கணவர் வீரையா அந்தப் போனைத் தொடுவதில்லை. ஒருநாள் எடுத்துப் பேசியதில், எதிர்முனையில் ஒரு பெண் "உங்களுக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த அழைப்பில் ஒரு பையன் "அங்கிள், எஸ்.எம்.எஸ். வந்ததா?" என்று கேட்டான். இந்த வயதில் இரண்டும் வேண்டாம் என்று அவர் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

இப்படிச் சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் கண்ணாடிக் கேடயம் நிறுத்தியது.

எம்.டி. கேடயத்தை வாசித்தார். சிங்கப்பூர்க்காரரைப் பார்த்தார். மூக்காயியைப் பார்த்தார். கிளவுட் கம்பனியின் பதிவுகளின்படி, லக்கிரிவனின் ஹோட்டல்களும் பிஸ்கட்டும் ஓடுகிற இயந்திரங்களின் வாடகைக்காரர் இந்த அம்மையார்தான் என்று சிங்கப்பூர்க்காரர் மகிழ்ச்சியோடு விளக்கினார். இது எப்போதிருந்து என்று எம்.டி. சிங்களத்தில் கேட்டார். அங்கே கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் எம்.டி.யும் இருந்தார் என்பதை நினைவுபடுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

பின்னேரம் யோகேந்திரன் பேன்ட்ரிக்கு வந்தார். அவர் நல்ல மனிதர். அதனால் முகத்தைப் பார்க்காமல் கேத்தலைப் பார்த்துப் பேசினார்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. எம்.டி. சொல்லிப்போட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில உங்கட சிம்மைக் கம்பனியிட்டக் குடுத்துவிடட்டாம். வேற புதுச் சிம் ஒண்டு வாங்கித் தருவினம்."

"ஐயா, அந்த நம்பர் கோயில் நோட்டீசுல இருக்கு."

"தெரியும்."

"தெல்தெனியக்காரங்க வெள்ளிக்கிழமதான் போன் பண்ணி முடிவு சொல்றேன்னிருக்காங்க. பன்வில நிஷாந்தினி டீச்சருக்குப் பார்த்த எடம். அத விட்டா அந்தப் புள்ளைக்கு இப்பிடி எடம் அமையாது. எனக்கும் அந்தப் பக்கம் பேரு இருக்காது."

"நான் என்ன செய்யிறது அக்கா? அந்தக் கணக்கில கை வைச்சால் என்ன நடக்குமெண்டு ஒருதருக்கும் தெரியாது. மூண்டு ஹோட்டலும் நிண்டுபோனால் என்ர கதை முடிஞ்சுது. ஓடுற வண்டியின்ர சில்லைக் கழட்டக்கூடாது. சிம்மை எடுக்கிறதுதான் சுகம்."

யாருக்குச் சுகம் என்று மூக்காயி கேட்கவில்லை. யோகேந்திரன் போன பிறகு கேத்தலிடம் கேட்டார்.

அடுத்த நாள் அரூஸ் வந்தான். கொழும்பு ஆலோசனைக் கம்பனியின் இப்போதைய பையன் அவன்தான். அலவத்துகொடக்காரன், கொழும்பில் வேலை என்றாலும் லக்கிரிவன் வேலையாகக் கண்டிக்கு அனுப்பினால் உம்மாவின் சோறு கிடைக்கும் என்று சந்தோஷமாக வருகிறவன். மூக்காயி அவனுக்கு இஞ்சி போட்ட தேநீரை நீட்டினார்.

"தம்பி, ஒரு சந்தேகம். என் நம்பர எடுக்காம, ஒங்க கணக்குல இருக்கிற நம்பர மாத்த ஏலாதா?"

அரூஸ் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, 'சொல்' என்பது 'செல்' ஆகிற தன் ஊர்ப் பேச்சில் குரலைத் தாழ்த்தினான். "ஏலும் ஆன்டி. அஞ்சு நிமிஷ வேலை. ஒரு ஹோட்டலும் நிக்காது."

"பொறவு ஏன் மாத்தல?"

"வேற நம்பர் ஒன்டு செல்லணுமே. அது யார்ட நம்பர்? நான் எல்லார்ட்டயும் கேட்டுப் பாத்துட்டன். பழையபடிதான் ஈக்கிது. கம்பனி பேர்ல புதுச் சிம் ஒன்டு எடுங்கன்னா, சஞ்சீவனி மிஸ் செல்றாங்க, போன யாரு வச்சிக்கிறதுன்னு தெரியாம நான் சைன் வைக்க மாட்டனாம். யோகேந்திரன் சேர் செல்றாரு, ஃபினான்ஸ் சைன் வைக்காம நான் போன வச்சிக்க மாட்டனாம். எங்கட கொழும்பு ஒபிஸ்ல செல்றாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மட்டும் கை வைன்னு."

மூக்காயி தேயிலைச் சாயத்தை வடித்துக்கொண்டே கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கிளவுட் என்றால் என்ன என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இது என்ன என்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் முதலில் பெண் வீடு சொல்லட்டும் என்பார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு வாய் திறக்கட்டும் என்பார்கள். தாய்மாமன் இரண்டு பேரும் சொன்னால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்பார். இப்படி மூன்று பேரும் மூன்று வருஷம் உட்கார்ந்திருப்பார்கள், பெண்ணுக்கு வயது போகும். அந்த இடத்தில்தான் தரகர் என்று ஒருவர் தேவைப்படுகிறார்.

"சரி தம்பி, குடிங்க," என்றார். "ஒங்க உம்மா இன்னும் ஒங்களுக்குப் பொண்ணு பாக்கலயா?"

"ஆன்டி, நாங்க உங்கட லிஸ்ட்ல இல்லையே."

"நான் பாக்க மாட்டேன். ஆனா ஒங்க ஊருல சகீனான்னு ஒரு தரகர் இருக்காங்க. தொழில்காரங்களுக்குள்ள தெரியும். சொல்லி வைக்கிறேன்."

கூட்டத்தை வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும் என்பது கண்டியில் தமிழருக்கும் தெரியும், சிங்களவருக்கும் தெரியும். கோடிக்கணக்கான இயந்திரங்களை ஆள்கிற சிங்கப்பூர்க் கம்பனிக்குத் தெரியாது. எம்.டி., ராகு காலத்தில் சாவி கைமாறுவதா என்று கேட்டு, பன்னிரண்டு மணிக்குத் தள்ளினார். பன்னிரண்டுக்கு அரூஸ் ஜும்மாத் தொழுகைக்குப் போக வேண்டும். கடைசியில் இரண்டரைக்கு முடிவாயிற்று. மூக்காயிக்கு ஒரு முழுக் காலையும் ஒரு தேநீர்த் தட்டும் கிடைத்தன.

முதலில் சஞ்சீவனியின் அறை. சஞ்சீவனிக்குச் சீனி அரைக் கரண்டி.

"மிஸ்ஸுக்கு விசயம் தெரியுமில்ல? யோகேந்திரன் ஐயா அந்தப் போன தானே வச்சுக்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு."

சஞ்சீவனி கண்ணாடியைக் கழற்றினார். "யாரு, நம்ம யோகேந்திரன் சேரா?"

"எப்பவோ ஒத்துக்கிட்டாங்க மிஸ். கம்பனி பேர்ல ஒரு சிம்மு எடுத்துக் குடுத்தாப் போதுமாம். ஒங்க ஒரு வார்த்ததான் பாக்கி."

தன்னால்தான் காரியம் நிற்கிறது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம், பொறுப்பெடுக்கிற பயத்தைவிட ஒரு பிடி பெரிது. சஞ்சீவனி மணியடித்து, சிம் வாங்க ஆள் அனுப்பினார்.

அடுத்தது யோகேந்திரன். அவருக்குச் சாயம் கூட.

"ஐயா, சஞ்சீவனி மிஸ் கையெழுத்து வச்சுக் கம்பனி பேர்ல சிம்மு எடுத்துட்டாங்க. கொழும்புக்காரங்களும் மாத்தித் தர்றேன்னுட்டாங்க."

"மெய்யே? அவையள் ஒருநாளும் சம்மதிக்க மாட்டினமே."

"எல்லாரும் எப்பவோ ஒத்துக்கிட்டாங்க ஐயா. ஒங்க ஒரு வார்த்ததான் பாக்கி."

யோகேந்திரன், "எனக்கெண்டால் பிரச்சினை இல்லை, ஆனால்" என்று தொடங்கினார். ஆனாலுக்குப் பிறகு வருவதைக் கேட்க மூக்காயி அங்கே இல்லை. தட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டது.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய அரூஸிடம் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். அவன் அவருடைய முகத்தைப் பார்த்தான். அலவத்துகொடையிலும் தரகர்கள் உண்டு. கொழும்புக்குப் போன் செய்து, கண்டியில் எல்லோரும் சம்மதம் என்று சொன்னான். கடைசியாக எம்.டி.க்குச் சீனியில்லாத தேநீரோடு அதே செய்தி சிங்களத்தில் போனது. "ஹரி," என்று சம்மதித்தார் எம்.டி. தன் வாழ்நாளில் ஒரு கூட்டத்துக்கு முன்பே எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதியை அவர் கேள்விப்பட்டதில்லை.

மூக்காயி இதைப் பொய் என்று சொல்ல மாட்டார். அவருடைய அகராதியில் அது கொஞ்சம் முந்திப் பிறந்த உண்மை. முந்திப் பிறந்ததைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதனால் மதியம் கடைக்குப் போய், அல்வா மாதிரி இறுகிய தொதல் வாங்கி வந்தார்.

இரண்டரைக்குக் கூட்டம் தொடங்கியது. மேசை நடுவில் புதுப் போன், அதற்குள் புதுச் சிம். சிங்கப்பூர்க்காரரும் வந்திருந்தார். இரண்டு நாளில் தலதா மாளிகையும் பேராதனைப் பூங்காவும் பார்த்து முடித்து, கோட்டைக் கழற்றி மனிதராகியிருந்தார்.

"எல்லாருக்கும் சம்மதம் என்று அறிந்தேன். சந்தோஷம்," என்றார் எம்.டி.

"யோகேந்திரன் சேர் பொறுப்ப எடுத்ததாலதான் நான் சைன் வச்சேன்," என்றார் சஞ்சீவனி.

யோகேந்திரன் நிமிர்ந்தார். "நானோ? பிள்ளை, நீங்கள் முதல்லயே சைன் வைச்சிட்டீங்களெண்டுதானே நான்"

கதவு திறந்தது. மூக்காயி வெள்ளித் தட்டில் தொதலோடு வந்தார். முதல் துண்டு எம்.டி.க்கு. இரண்டாவது, நல்ல பெரிய துண்டாகப் பார்த்து, யோகேந்திரனுக்கு.

"நல்ல காரியம் பேசுறப்ப வாய் சும்மா இருக்கக் கூடாதுங்க ஐயா. எடுங்க."

எம்.டி. சாப்பிடும்போது மறுக்க முடியாது. யோகேந்திரன் வாயில் போட்டார். தொதல் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒன்றாக்கியது. கல்யாணப் பேச்சில் இனிப்பு எதற்கு வருகிறது என்பதை மூக்காயியைக் கேட்டால் சொல்வார். அது சந்தோஷத்துக்கு அல்ல.

அரூஸ் திரையைத் திறந்தான். பழைய நம்பரை எடுத்துப் புது நம்பரைப் போட, பழைய நம்பருக்கே கடைசியாக ஒரு தடவை ஆறு இலக்கம் வர வேண்டும். "அனுப்பிட்டன் ஆன்டி," என்றான்.

எல்லோரும் மூக்காயியின் கையைப் பார்த்தார்கள். போன் அதிர்ந்தது. ஆனால் வந்தது ஆறு இலக்கம் அல்ல. தெல்தெனியவிலிருந்து அழைப்பு.

கதவைத் திறக்கும் இலக்கம் கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருக்கும் என்பது மூக்காயிக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரின் பொறுமையும் அப்படித்தான். அவர் எம்.டி.யை நோக்கி உள்ளங்கையை உயர்த்தினார். ஒரு நிமிஷம் இருங்கள் என்று அர்த்தம். லக்கிரிவன் குழுமம் இருந்தது.

"ஆமாங்க, மூக்காயிதான். சொல்லுங்க." நின்ற இடத்திலேயே முந்தானையைச் சரிசெய்துகொண்டார், எதிரே தகப்பனார் உட்கார்ந்திருப்பதைப் போல. "இல்லீங்க. யாரு சொன்னது, பொண்ணோட அம்மா யோசிக்கிறாங்கன்னு? ஒரு யோசனையும் இல்ல. அவங்க எல்லாம் எப்பவோ ஒத்துக்கிட்டாங்க. ஒங்க ஒரு வார்த்ததான் பாக்கி."

சஞ்சீவனியின் தாடை அசைவது நின்றது. அவர் மெதுவாக யோகேந்திரனைப் பார்த்தார். யோகேந்திரன் மெதுவாகச் சஞ்சீவனியைப் பார்த்தார். அரூஸ் விசைப்பலகையை மிகவும் அக்கறையாகப் பார்த்தான். யோகேந்திரனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். தொதல் விடவில்லை. தமிழ் அரைகுறையாக விளங்கும் எம்.டி., என்ன நடக்கிறது என்று சஞ்சீவனியிடம் கேட்டார். உண்மையைச் சொன்னால், சிம் வாங்கிய கையெழுத்து தன்னுடையது மட்டும்தான் என்று ஆகிவிடும்.

"கல்யாணம் ஒன்று முடிவாகிறது சேர்," என்றார்.

"அப்படியென்றால் பேசட்டும்," என்றார் எம்.டி.

மூக்காயி பேசி முடித்து, போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரின்னுட்டாங்க," என்று அறை முழுவதற்கும் பொதுவாகச் சொன்னார். சிங்கப்பூர்க்காரர் என்னவென்று தெரியாமலே கைதட்டினார். எம்.டி.யும் தட்டினார். யோகேந்திரனும் தட்ட வேண்டி வந்தது.

"நம்பர் காலாவதியாகிட்டு ஆன்டி. இன்னொருக்கா அனுப்புறன்."

இந்தத் தடவை வந்தது. மூக்காயி கடைசி முறையாக ஆறு இலக்கத்தையும் சொன்னார், பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூப்பிடுகிறவர் மாதிரி சத்தமாக. மேசை நடுவில் இருந்த புதுப் போன் அதிர்ந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை. எல்லோரும் யோகேந்திரனைப் பார்த்தார்கள். அவர் எடுத்தார், வாசித்தார். கணக்குக்குப் பொறுப்பானவர் பெயர் என்று திரை கேட்டது. அரூஸ் அவருடைய பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்தான். முடிந்தது. எந்த ஹோட்டலும் நிற்கவில்லை. பிஸ்கட்டும் போய்க்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு யோகேந்திரன் பேன்ட்ரி வாசலில் வந்து நின்றார். இப்போது வாய் வேலை செய்தது.

"அக்கா, நான் எப்ப ஒத்துக்கொண்டனான்?"

"இப்பதாங்க ஐயா. எல்லாரும் பாத்தாங்களே."

"நீங்கள் காலமையே சொன்னனீங்கள்."

"காலையில சொன்னாத்தானே ஐயா மத்தியானம் நடக்கும்."

யோகேந்திரன் கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். அந்தக் காரியாலயத்தில் அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டார்கள். பிறகு சீனிப் போத்தலின் பக்கம் பார்த்து, கேடயத்தை முறைப்படி இனித் தன்னிடம்தான் தர வேண்டும் என்றார்.

"அது வேணாங்க," என்றார் மூக்காயி. "அலுமாரிக் கதவு நிக்க மாட்டேங்குது. முட்டுக் குடுத்திருக்கேன்."

நிஷாந்தினி டீச்சரின் கல்யாண அழைப்பிதழ் சில வாரங்களில் வந்தது. சிங்கப்பூர்க்காரரின் ஜாதக விபரத்தை அனுப்பச் சொல்லி மூக்காயி அரூஸ் மூலம் கேட்டபோது, தாயைக் கேட்டுச் சொல்வதாக அவரிடமிருந்து பதில் வந்தது. பன்வில பஸ்ஸில் இப்போது மூக்காயியின் போன் அடித்தால் அது கல்யாணம்தான்.

யோகேந்திரனின் புதுப் போன்தான் ஓய்வதில்லை. குளிக்கும்போது அடிக்கும், கோயிலில் அடிக்கும், இதயப் பரிசோதனைக்குப் படுத்திருந்தபோதும் அடித்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் போனையும் சார்ஜரையும் கையில் ஏந்தியபடி பேன்ட்ரிக்கு வந்தார்.

"அக்கா, யாழ்ப்பாணம் போறன். தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணம். ரெண்டு நாள்தான். இதை இதில வைச்சிட்டுப் போகட்டே? அரூஸ் கேட்டால் நம்பரைச் சொன்னால் சரி."

மூக்காயி அவருக்கு ஒரு பிளேன்டியை ஊற்றினார். வெல்லத் துண்டொன்றைத் தட்டில் வைத்து, பிளேன்டியையும் தட்டையும் அவர் கையில் கொடுத்தார். போனை மட்டும் தொடவில்லை.

"சம்பந்தம் முடிஞ்ச பொறவு, பொண்ணக் கொண்டாந்து தரகர் வீட்டுல விடக் கூடாதுங்க ஐயா. கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. அதுவும் கல்யாணத்தப் பாக்கட்டும்."